வள்ளத்தின் விளிம்பில் கழன்ற தோள்

மக்கா, கையைத் தொங்கவிட நீ போட்டிருந்த கறுப்புப் பட்டையை இன்று காலை உன் வீட்டிலிருந்து மதினி கொண்டுவந்து கொடுத்தார். துவைத்தும் உன் தைல வாடை போகவில்லை. "நீங்களாவது பாத்ரூம்ல வழுக்கிராதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ சொல்லச் சொன்ன பொய்யை அவர் ஒருநாளும் நம்பியதில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்குத் தோள் மூட்டு மாற்றுகிறார்கள். நாம் சேர்ந்து வலை இழுத்த அதே வலக்கை. ஊசி, பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. தசைநார் நன்றாக இருந்தால் பந்தையும் கிண்ணத்தையும் பழைய இடத்திலேயே வைத்து மாற்றுவார்களாம். எனக்கும் உன்னைப் போலவே அது கிழிந்துவிட்டதால் தலைகீழ் வகைதான். பந்து தோள்பட்டை எலும்பில், கிண்ணம் கை எலும்பில். இனி தோளின் மேல்தசைதான் கையைத் தூக்க வேண்டும். சீழ் பிடிக்கலாம், நரம்பு பாதிக்கலாம், எலும்பு கீறலாம், பின்னாளில் மூட்டு தளரலாம், கழன்றும் போகலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் உனக்கு நடந்தது.

கீழவைப்பார்க் கரையில் எல்லோரும் உன்னைத்தான் காட்டுகிறார்கள். "அவனுக்குக் கழண்டுட்டுல்லா, நீ ஏம்லே போற?" நடந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். உனக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கையைப் பின்னால் ஊன்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நாற்காலியில் நீ ஊன்றவில்லை, சரிதான். மணலில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தைக் கண்டதும் பட்டையைக் கழற்றினாய். அதற்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் பின்னால் விளிம்பில் ஊன்றி, எம்பி உட்கார்ந்தாய். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே உட்காருகிறோம்.

"ஏலே, கழண்டுட்டுலே" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில், அந்த வலியிலும், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லு. வள்ளத்துல ஏறுனேன்னு தெரிஞ்சா அவ என்னைய வீட்டுல ஏத்த மாட்டா" என்றாய்.

மயக்கம் கொடுத்து மூட்டைத் திரும்பப் பொருத்தினார்கள். அதன்பின் ஒழுங்காக இருந்தாய். நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோகும் வரை அந்தக் கையால்தான் தலை சீவினாய், கோயிலில் சிலுவை போட்டாய். அதை மட்டும் கரையில் யாரும் சொல்வதில்லை.

வள்ளத்தில் எப்படி உட்காருவது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கொஞ்ச நாளைக்கு வள்ளமே வேண்டாமே அண்ணாச்சி" என்றார்.

பயம் இருக்கிறது. ஆனாலும் ஆபரேஷனுக்குப் போகிறேன். உன்னை அடக்கம் செய்த அன்று என் வலக்கை நெற்றிக்கு எட்டவில்லை. இடக்கையால் முழங்கையைத் தூக்கிப் பிடித்துத்தான் உனக்குச் சிலுவை போட்டேன். கை சரியானதும் கல்லறைக்கு வருவேன். அன்று ஒற்றைக் கையால் போடுகிறேன்.