செயலியில் என் கடைமீது ஒட்டிய சிவப்புப் பட்டையை நீக்கக் கோரி

அனுப்புநர்:
பழைய சக்கர நாற்காலி, நோயாளிக் கட்டில் விற்கும் கடையின் உரிமையாளர்,
மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிரே,
மருந்துக்கடை மாடிப்படிக்குக் கீழே.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: பழைய பொருள் விற்பனைச் செயலி நிறுவனம் என் தரப்பைக் கேளாமல் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும், என் கடைப் பக்கத்தில் ‘ஏமாற்று விற்பனையாளர்’ எனச் சிவப்புப் பட்டை ஒட்டியதும் – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற வாரம் இதே புகாரோடு வந்தபோது தங்கள் அலுவலக முன்மேசையில் இருந்தவர், “நீங்க வித்தவங்க. வாங்கினவங்கதான் இங்க புகார் குடுக்கலாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஐயா, ஒவ்வொரு விற்பனைக்கும் அந்தச் செயலி என்னிடம் கமிஷன் பிடிக்கிறது. காசு கொடுத்து அவர்கள் சேவையை வாங்கும் நான் நுகர்வோர் இல்லையென்றால் வேறு யார்? ஆகவே மீண்டும் வந்திருக்கிறேன். இம்முறை மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் நகர்வதாக இல்லை.

2. நோயாளி குணமான வீட்டிலும் காலமான வீட்டிலும் மிஞ்சும் நாற்காலி, கட்டில்களை வாங்கி, கழுவி, சரிசெய்து விற்பது எங்கள் தொழில். சரிசெய்பவர் என் கணவர். படமெடுத்துச் செயலியில் போடுவது நான். கீறல், கிழிசல், துரு எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டி அவற்றைத்தான் முதலில் படமெடுப்பேன். முழுப் பொருளின் படம் கடைசியில்தான் வரும். “சொந்தச் சரக்கையே திட்டி விக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல அண்ணி” என்று என் நாத்தனார் கேலி செய்வாள். முடியாதவர்கள் உட்காரும் பொருளில் ஒளிவுமறைவு கூடாது என்று இருந்தோம். அந்தப் பழக்கமே என் காலை வாரிவிட்டது.

3. சென்ற மாதம் மடக்குச் சக்கர நாற்காலி ஒன்றை விற்றேன். கைப்பிடி உறை கிழிந்திருந்தது, கால் வைக்கும் பலகையில் விரிசல் இருந்தது. இரண்டையும் படத்தோடு எழுதி, அதற்கேற்ப விலையும் குறைத்திருந்தேன். வாங்கியவர் தெரிந்தேதான் வாங்கினார். பொருள் கைக்குப் போனதும், ‘உடைந்தது வந்திருக்கிறது’ என்று இரண்டு படங்களை இணைத்துப் புகார் செய்தார். நிறுவனம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, நாற்காலியையும் அவரே வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணியது. என் பொருளை எடுத்து இவர்கள் தானம் செய்தார்கள்.

4. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டும் நான் எடுத்தவை. கிழிசலைச் சுட்டும் விரல் என்னுடையது. நகம் கறுத்திருப்பது கடைக் கதவில் நசுங்கியதால். பின்னால் தெரிவது எங்கள் கடைச் சுவர். செயலியில் உள்ள என் பக்கத்திலிருந்தே எடுத்து எனக்கே ஆப்பு வைத்திருக்கிறார். செயலியின் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொன்னேன். “மேடம், உடைஞ்சது போட்டோல தெளிவா தெரியுதே” என்றார் பேசிய ஊழியர். “தெரியும்ப்பா, எடுத்ததே நான்தானே!” என்றேன். “அப்போ உடைஞ்சிருந்ததுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க” என்று பதிவு செய்துகொண்டார். இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வது?

5. பிறகு அவர்கள் மேலாளர் பேசினார். “‘தவறை ஒப்புக்கொள்கிறேன்’னு ஒரு கட்டம் வரும், அதை டிக் பண்ணிடுங்க. உங்க பணம் முழுசா உங்களுக்கு வந்துடும். பட்டை மட்டும் கொஞ்ச நாள் இருக்கும்.” என் கணவர்கூட, “டிக் பண்ணித் தொலையேன்” என்றார். முடியாது என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். முந்தாநாள் ஒரு பெண் தன் தாயாருக்கு நாற்காலி கேட்டுக் கடை வாசல்வரை வந்தார். கைபேசியைப் பார்த்தார். “ஏமாத்துற கடையாமே” என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

6. வாங்கியவர் வீட்டு முகவரி பார்சல் சீட்டில் இருந்ததால் நேரிலும் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் இல்லை. ஜன்னலோரம் அதே நாற்காலியில், கிழிந்த கைப்பிடியில் துணி சுற்றி, அவருடைய தகப்பனார் உட்கார்ந்திருந்தார். “நல்லா இருக்கும்மா, பையன் வாங்கிக் குடுத்தான். தெருவைப் பாத்து எத்தனை நாளாச்சு!” என்று என்னிடமே பெருமை பேசினார். போட வந்த சண்டையைப் போடாமலே திரும்பிவிட்டேன். அந்த மகன்மீது கோபமில்லை என்று பொய் எழுத மாட்டேன். வயிறு எரிகிறது.

7. ஆகவே, நிறுவனத்தைத் தங்கள் முன் வரவழைத்து, இரு தரப்புப் படங்களையும் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பட்டையை நீக்க ஆணையிட வேண்டும். விற்றவரைக் கேட்காமல் இனி யாருக்கும் இப்படித் தீர்ப்பு எழுதக் கூடாதென்றும் சொல்ல வேண்டும். பணத்தை அவர்கள் மெதுவாகத் தரட்டும். பழியை உடனே எடுக்க வேண்டும். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவேன். சமரசம் பேச அழைத்தால் வரமாட்டேன். நாற்காலியைச் சாட்சிப் பொருளாகப் பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள். அந்தப் பெரியவர் உட்கார வேறொன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அதை எடுத்துவருகிறேன். புகாரை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

இணைப்பு: என் பக்கத்தில் வெளியான படங்கள், புகாரில் வந்த படங்கள்.

இடம்: கடை
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
செய்யாத தவறை ஒப்புக்கொள்ளாத,
(கையொப்பம்)
கடை உரிமையாளர்