ஐம்பது நிமிடம்

சனிக்கிழமை மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். அவருடைய செருப்பு வார் ஒன்று போயே போய்விட்டது.

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நீங்கள் மாற்றலாகிப் போன இந்த எட்டு மாதத்தில் எழுதியவற்றில் இதுதான் நீளமான கடிதம். அம்மாக்கள் குழு எப்படி நடக்கிறது, புதிதாக யார் வருகிறார்கள், மனம் விட்டு என்னென்ன பேசுகிறார்கள், ஒன்று விடாமல் எழுது என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். நாலு முறை எழுதி நாலு முறை கிழித்தேன்.

குழு நடக்கிறது. அதே சுகாதார நிலையம், அதே தடுப்பூசி அறை, சனிக்கிழமை மூன்று மணி. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், உட்கார மாட்டார். மின்விசிறியைச் சரி செய்துவிட்டார்கள். இரட்டைப் பிள்ளைக்காரி இரண்டையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறாள். ஒன்று வாசலுக்கு ஓடினால் மற்றது எடை பார்க்கும் மெஷினுக்கு ஓடும். அவள் நடுவில் நின்று, "எதைப் பிடிக்கிறதுன்னு யாராவது சீட்டுப் போட்டுச் சொல்லுங்கடி" என்பாள்.

இஸ்திரிக் கடை அக்கா ஒரு பெட்டி வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன துணிகளை அதில் போட்டால் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கி வைத்துவிடுவார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். யார் போட்டது, யார் எடுத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. நம் குழுவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மூன்று பேருக்குப் பால் கொடுக்க ஓர் அறை வேண்டும் என்று மேலாளரிடம் போய் நின்றோம். முதல் நாள் பார்க்கவே முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் ஆறு பேர் ஆறு குழந்தைகளோடு போனோம். குழந்தைகளே பேசி முடித்துவிட்டார்கள். பழைய அட்டைப்பெட்டி போட்டு வைக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. நாங்களே வாங்கிப் போட்டோம்.

இதையெல்லாம் நீங்கள் தாராளமாகப் பத்திரிகைக்கு எழுதிக்கொள்ளலாம், அக்கா. இதில் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஆம். நீங்கள் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டேன். எப்படிப் படித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் எங்கள் கடைக்கு வாசிப்புக் கண்ணாடி வாங்க வந்திருந்தார். லென்ஸைப் பொருத்திக் கொடுத்தால் எதையாவது வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பது எங்கள் கடை வழக்கம். அட்டையை நீட்டினேன். "என்கிட்டயே இருக்கும்மா" என்று பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். வகுப்பில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார். என் குழுவில் ஒரு தாய், கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், ஐம்பது நாள் பெண் குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள், நாலு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள் என்று.

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எழுத்து பளிச்சுன்னு தெரியுது. ஆனா இவ எல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கேட்டார். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். முதலாளி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். இந்த ஊரில் கண்ணாடிக் கடை மூன்று. பெண் வேலை பார்ப்பது ஒன்றில்தான்.

என் கையில் இருந்த திருகாணி கீழே விழுந்தது. அரிசிமணியில் பாதிகூட இருக்காது அது. குனிந்து தேடுவதுபோல் மேஜைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கீழே உங்கள் பெயர். மேலே உங்கள் படம். நீங்கள் ஊரை விட்டுப் போன அன்று சுகாதார நிலையத்து வாசலில் நான் எடுத்த படம்.

அது நாலு மணி நேரம் இல்லை, அக்கா. ஐம்பது நிமிடம். உங்களுக்குத் தெரியும். அன்று காலை ஏழு மணியிலிருந்து பாப்பா அழுதாள். பால் குடிக்கவில்லை, தோளில் போட்டாலும் அழுகை, தொட்டிலில் போட்டாலும் அழுகை. பதினொரு மணிக்கு என் கை தானாக இறுகுவதைப் பார்த்தேன். எனக்கே பயமாகிவிட்டது. இரண்டு பக்கமும் தலையணை வைத்து, அவளைப் படுக்க வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் வந்தது, ஏறினேன். ஏழாவது நிறுத்தத்தில் நெஞ்சில் பால் சுரந்து சட்டை நனைந்தது. அங்கேயே இறங்கி எதிர்ப்பக்கத்து பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது.

ஒன்றரை வருடம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம்கூட. தடுப்பூசி அறையில் அந்தச் சனிக்கிழமை எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. இங்கே பேசுவது இங்கேயே இருக்கும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நீங்கள் சொல்வீர்களே, அதை நம்பினேன் போலிருக்கிறது.

என் கையைப் பிடித்துக்கொண்டு 'நீ நல்ல தாய்தான்' என்று சொன்னதாகவும், நான் உங்கள் மடியில் விழுந்து அழுததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடக்கவே இல்லை. நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். அதற்காகத்தான் உங்களைத் தெய்வமாக நினைத்தேன். நடந்ததைவிட நடக்காததுதான் பத்திரிகைக்கு அழகாக இருந்ததா?

வீட்டுக்கு விஷயம் எனக்கு முன்னால் போய்விட்டது. முதலாளி அம்மாவும் என் நாத்தனாரும் ஒரே தெரு. என் வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஓய்ந்திருப்பேன். பாப்பாவுக்குச் சோறு ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, "எத்தனாவது நாள்?" என்று கேட்டார். சொன்னேன். "எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். சொன்னேன். "நீ ஐம்பது நிமிஷம்ங்கற. அவங்க நாலு மணி நேரம்னு அச்சுல போட்டிருக்காங்க. நர்ஸம்மா எதுக்குப் பொய் சொல்லப்போறாங்க?" என்றார்.

அதற்கு முன்னால் என் லீவு நாளில் தவறாமல் பதினொரு மணிக்கு வேலையிடத்திலிருந்து போன் செய்து, "சாப்ட்டியா?" என்பார். இப்போதும் அதே பதினொரு மணிக்குப் போன் வருகிறது. "பாப்பா என்ன பண்றா?" என்பதோடு வைத்துவிடுகிறார். அந்த நாட்களில் ஒன்பது மணிக்கே நாத்தனார் பின்னல் ஊசியும் நூலுமாக வந்துவிடுகிறார். "சும்மாதான் வந்தேன்" என்பார். பாப்பாவைக் குளிப்பாட்ட எடுத்துப் போனால் பின்னாலேயே வந்து குளியலறை வாசலில் நிற்பார். நல்ல மனுஷி. கடைக்குப் போகும் நாளெல்லாம் என் பிள்ளையை வளர்ப்பவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை குழுவுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். பல் முளைப்பது, சளி, தடுப்பூசித் தேதி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சளியைப் பற்றிப் பேசினார்கள். புதிதாக ஒரு பெண் வருகிறாள். முதல் குழந்தை, மூன்று மாதம். மூன்று சனிக்கிழமையாக வந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "எனக்கு இவனைப் பாத்தா..." என்று ஆரம்பித்தாள். யாரோ ஒருத்தி, "பாத்துப் பேசும்மா, பேப்பர்ல வந்துடும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். குழந்தையின் தொப்பியைச் சரி செய்தாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு ஏற்பட்டதைக்கூட எப்படியாவது விழுங்கியிருப்பேன், அக்கா. அந்தச் சிரிப்பைத்தான் விழுங்க முடியவில்லை.

எழுந்து நின்று, "அந்தக் கண்ணாடிக் கடைக்காரி நான்தான். ஐம்பது நிமிஷம், நாலு மணி நேரம் இல்ல. நடந்தது நடந்ததுதான்" என்றேன். இரட்டைப் பிள்ளைக்காரி மட்டும் எழுந்து வந்து ஒரு பிள்ளையைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனாள். "கொஞ்சம் பாத்துக்க, கை வலிக்குது" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேர் வருவதில்லை. அவர்கள் வீட்டில் அனுப்ப மறுக்கிறார்களாம்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் புதுப் பெண்ணோடு நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் அடுத்த நிறுத்தம்வரை போனோம், அதற்கடுத்ததும் போனோம். மூன்றாவது நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவள் சொன்னாள். மறுநாள் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது பரவாயில்லை. நேற்றுக் கடைக்கு வந்து, குழந்தைக்கு ஒரு பொம்மைக் கண்ணாடி போட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அவள் என்ன சொன்னாள் என்பதை இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. எந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன்.

பத்திரிகை ஆசிரியர் தொடராகக் கேட்கிறார், புதிய தாய்மார்களின் அனுபவங்களை அனுப்பு, பேரை மாற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பேரை நீங்கள் போடவே இல்லையே, அக்கா. பேரைப் போட்டிருந்தால்கூட அதே பேரில் ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள், தப்பித்திருப்பேன்.

நல்லது நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். எங்கோ ஒரு தாய் படித்துவிட்டு, நமக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது என்று மூச்சு விட்டிருப்பாள். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சரியென்றுகூடச் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டு எதை நான் மறுத்திருக்கிறேன்?

மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். அதைப் படிக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அவள் ஐம்பது நிமிடம் என்றுதான் என்னிடம் சொன்னாள் என்று. நான் சொன்னால் அது என் பேச்சு. உங்கள் கையெழுத்தில் வந்தால் நம்புவார். அதுவும் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் மகளுக்கு இது எட்டாம் மாதம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். கால் வீக்கம் இருந்தால் அசட்டையாக விட வேண்டாம். சுகமாகப் பிரசவமாகி, தாயும் பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு ஏதோ ஒரு மத்தியானம் அவள் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவாள். எங்கோ பார்த்துக்கொண்டு ஏதாவது சொல்ல ஆரம்பிப்பாள். கேட்டுக்கொள்ளுங்கள், அக்கா. முழுசாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருப்பாள்.

இப்படிக்கு,
உங்களை அக்கா என்று கூப்பிட்டவள்