ரேழியில் ஓடிய எஞ்சின்

இன்று காலை வண்டியைத் துடைக்கப் பித்தளைக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். வாசனை மூக்கில் ஏறியதும் என் தோள் தானாகக் குறுகிற்று. நீங்கள் மார்வலியில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அந்தச் செய்தி தோளுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

உங்கள் மோட்டார் சைக்கிள் வாசலில், தகரக் கூரையின் கீழ் நிற்கிறது. ஓட்ட ஆள் இல்லை. துரு ஏறக் கூடாதே என்று அவ்வப்போது நான்தான் உதைத்து ஓட விட்டு அணைக்கிறேன். இன்று டாப்பெட் மூடியையும் கழற்றினேன். எஞ்சின் படித்துறைக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. கம்பியைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்து உருட்டிப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் வளைந்தது வளைந்ததுதான்; அது இதற்கு இனி உதவாது. அப்போதுதான் எழுதியாவது உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் இருந்த காலத்தில் என்னை இவ்வளவு நீளமாகப் பேச விட்டதில்லை.

பொன்முடி எஸ்டேட்டை விட்டு ஊருக்குப் போன வெள்ளைக்கார மானேஜரிடமிருந்து நீங்கள் அந்த வண்டியை வாங்கி வந்தபோது, அதோடு ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. மளிகை சுற்றி வந்த காகிதங்களில் எழுத்துக் கூட்டிப் படித்த இங்கிலீஷ்தான் எனக்கு. படத்தையும் எழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டேன். காற்று உள்ளே போக ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. இரண்டையும் தள்ளித் திறக்க இரண்டு நீளக் கம்பிகள். கம்பிக்கும் அதைத் தூக்கும் டாப்பெட்டுக்கும் நடுவே தளர்ந்து போனால் எஞ்சின் தையல் மிஷினாகத் தடதடக்கும். அதிகம் இறுகினால் வால்வு சரியாக மூடாது, எஞ்சின் உயிர் பிடிக்காது.

உங்கள் விரல் பருமன். அந்த இடுக்கில் போனாலும் கம்பியின் நிலை தெரியவில்லை. "உன் விரலக் குடு. பூத் தொடுக்கற விரல், அதுக்குத் தெரியும்" என்றீர்கள். நான் உருட்டிப் பார்த்து, ஸ்பானரால் திருகி அளவு வைத்தேன். "கம்பி சுத்தணும், மேலயும் கீழயும் ஆடப்படாது. அவ்வளவுதான்டி இதுல இருக்கற வேதம்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பையும் எழுதி விடுகிறேன். இல்லாவிட்டால் இது கணக்கில் வரவை விட்டுவிட்டுச் செலவை மட்டும் எழுதியது மாதிரி ஆகிவிடும்.

ஒரு தரம் என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பொன்முடிக்கு அழைத்துப் போனீர்கள். ஏற்றம் தொடங்கும் முன் கல்லாற்றில் நிறுத்தினீர்கள். "ஆறட்டும், அப்பறம் ஏறலாம்." ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து கால் நனைத்தோம். எழுந்து எழுந்து போய் எஞ்சினுக்குக் கிட்டே கையைக் காட்டி, இன்னும் ஆறவில்லை என்று திரும்பி வந்தீர்கள். என் புருஷனுக்கு இத்தனை பொறுமையா என்று அன்று நான் பத்மநாப சுவாமிக்கு நன்றி சொன்னேன். அந்தப் பொறுமை முழுவதும் வண்டிக்கு மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

அடிப்பதற்கு முன்னால் நீங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்வீர்கள்.

நம் ஸ்ரீவராகம் தெருவின் ஒட்டு வீடுகளை உங்களுக்குத் தெரியும். இந்தச் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் படம் ஆடும். அதனால் வாசல் படியில் பலகை சாய்த்து, வண்டியை வாசலை அடுத்த ரேழிக்குள் ஏற்றி, கதவைத் தாழ்ப்பாள் போடுவீர்கள். பிறகு ஒரு உதை. ஆக்ஸிலரேட்டரைத் திருகி அப்படியே நிற்கும்படி திருகாணியை இறுக்கி விடுவீர்கள். எஞ்சின் அலறும். அந்த அலறலுக்கு அடியில் உங்கள் கை, பெல்ட், சில நாள் விறகுக் கட்டை. ரசத்தில் உப்பு கூடினதற்கு. ஆபீஸில் யாரோ ஏதோ சொன்னதற்கு. ஒன்றுமே இல்லாததற்கும். ஒரு தரம் என் தலைமயிரைக் கையில் சுற்றிச் சுவரில் மோதினீர்கள். காதுக்குள் எஞ்சின் ஓடுகிறதா வெளியில் ஓடுகிறதா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. மஞ்சளும் டிங்சரும் வாங்கியதை வீட்டுக் கணக்கில் 'இதரம்' என்று எழுதினேன்.

புகை ரேழியைத் தாண்டிப் பூஜை மாடம் வரை போகும். மறுநாள் காலை சுவாமி படத்துக் கண்ணாடியில் கரி படிந்திருக்கும். ஈரத் துணியால் துடைப்பேன். படுத்திருக்கும் பத்மநாபனை எழுப்ப இந்தச் சத்தமும் போதவில்லையா என்று ஒரு நாள் நினைத்தேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த எஞ்சின் ஒரே உதையில் உயிர் பிடித்ததே, அது நான் வைத்த டாப்பெட்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. பொன்முடியிலிருந்து திரும்பும்போது உங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் நாயர் பின்னால் உட்கார்ந்து வந்தார். வாசலில் இறங்கி எஞ்சினைத் தட்டிக் கொடுத்து, மலையாளத்தில் கேட்டார்.

"எந்தொரு சுகமுள்ள ஓட்டம், சாரே. மெக்கானிக் ஆரா?"

அடுத்த வீட்டு பாகீரதி மாமி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்காமலே பதில் சொல்கிற வாய் அவளுக்கு. "மெக்கானிக்கா? எல்லாம் அவர் ஆத்துக்காரிதான். சாருக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும்."

"அப்போ சாரு வெறும் டிரைவர்" என்று நாயர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தவள் நான்.

அவர் தெருமுனை திரும்பும் முன்பே வண்டியை உள்ளே ஏற்றினீர்கள். டாப்பெட் மூடியைத் திறந்து ஸ்பானரை எடுத்தீர்கள்.

"இனிமே நீ இதத் தொடப்படாது. நானே வெப்பேன்."

"ஏன்னா, இப்பத்தான் மலையிலேர்ந்து வந்திருக்கு, கொதிக்கறது. ஆறட்டுமே."

"எனக்கே சொல்லித் தரயா?"

எந்தக் கம்பி என்று சுட்டிக்காட்டத்தான் கையை நீட்டினேன். ஸ்பானர் அந்த விரல் மேல் இறங்கியது. ஈர விறகை ஒடித்த சத்தம். அதற்கு எஞ்சின் தேவைப்படவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். நீங்கள் சுடும் எஞ்சினுக்குள் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டே கம்பிகளை வைத்து முடித்தீர்கள். ஓட விட்டுப் பார்த்தீர்கள். பட்டாக ஓடியது. என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

சூட்டில் சிலிண்டர் வளர்ந்திருக்கும். அப்போது சரியாக இருக்கிற அளவு, ஆறினதும் இறுகிவிடும். கல்லாற்றில் அப்படிக் காத்திருந்த உங்களுக்கு இது தெரியாமல் இல்லை. உங்கள் ஆத்திரத்துக்கு ஆறுவதற்கு நேரமில்லை.

மறுநாள் காலை உதைத்தீர்கள். கிக்கர் சேற்றில் விட்ட கால் மாதிரி எதிர்ப்பே இல்லாமல் கீழே போனது. மறுபடி உதைத்தீர்கள். எஞ்சின் ஒரு தும்மல் தும்மி அடங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட உதைத்தீர்கள். நான் விரலில் மஞ்சள் துணியோடு பூஜை மாடத்துப் பக்கம் நின்றேன்.

"என்னடி பண்ணினே?"

"நான் தொடவே இல்லையே."

தாழ்ப்பாள் போட்டீர்கள். பழக்கம் போலத் திரும்பி இன்னொரு உதை. எஞ்சின் வரவில்லை. ஆனால் கை எஞ்சினுக்காகக் காத்திருக்கவில்லை.

முதல் அடியிலேயே என் குரலை நானே கேட்டேன். அவ்வளவு பெரிய குரல் எனக்கு இருப்பது அதுவரை தெரியாது. கதவிலும் சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கல் சத்தம் நின்றது. நீங்கள் நிறுத்தவில்லை. கீழே விழுந்தவளை உதைத்தீர்கள், கிக்கரை உதைத்த அதே காலால். நான் கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேன்.

பாகீரதி மாமி கிணற்றடி வழியாக உள்ளே வந்தாள். முழங்கை வரை மாவு. நம் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மாமி, இது எங்காத்து விஷயம்" என்றீர்கள்.

"இத்தனை நாளும் உங்காத்து விஷயந்தாண்டாப்பா. வண்டி சத்தம் போட்டுது, காதுல விழலேன்னு நாங்களும் சொல்லிண்டு இருந்தோம். இன்னிக்கு என்னன்னு சொல்லிக்கறது?" மாமியின் குரல் உயரவே இல்லை. "நேத்திக்கு வாயத் தொறந்தவ நான். அடிக்கறதானா என்ன அடி."

மாவுக் கையாலேயே தாழ்ப்பாளை நீக்கினாள். வெளியே பால்காரன், கோலப்பொடிக் கிண்ணத்தோடு இரண்டு பெண்கள். மூவரும் உள்ளே பார்த்தார்கள். உங்கள் கை மேலே தூக்கினபடியே நின்றது. பிறகு இறங்கியது.

ஒன்று சொல்கிறேன். அந்தக் கணத்தில் எனக்கு உங்களைவிடத் தெருவின் மேல்தான் ஆத்திரம் வந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த எஞ்சின் சத்தம் உங்களை மறைத்ததைவிட அவர்களைத்தான் அதிகம் மறைத்திருக்கிறது.

திங்கட்கிழமை ஆபீஸ் வேலையாக நீங்கள் பொன்முடிக்குப் போக வேண்டும். மலைக்குப் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்பானரைக் கொண்டுவந்து அடுப்படியில், என் பக்கத்தில் வைத்தீர்கள்.

"வெச்சுக் குடு."

"வண்டிய வாசல்ல எறக்குங்கோ. அங்க வெச்சுத் தரேன். இனிமே அது உள்ள வராது."

என்னைப் பார்த்தீர்கள். திறந்திருந்த கதவைப் பார்த்தீர்கள். பிறகு வண்டியைப் பலகை வழியாகக் கீழே இறக்கினீர்கள். தெரு பார்க்க நான் மண்டியிட்டு, ஒடிந்த விரலை விலக்கி வைத்துக்கொண்டு, ஆறின எஞ்சினில் கம்பிகளைத் தளர்த்தி மறுபடி வைத்தேன். ஒரே உதையில் வந்தது. நீங்கள் போனதும் அந்தப் பலகையைக் கோடாலியால் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன்.

உங்கள் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். அதற்குப் பிறகும் கை ஓங்கினீர்கள். நான் போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறப்பேன். ஓங்கின கை அப்படியே நிற்கும். சமயத்தில் நான் கதவுக்குப் போய்ச் சேருவதற்குள் ஓர் அடி விழுந்துவிடும். பிறகு அதுவும் நின்றது. உங்களுக்குள் ஏதோ ஆறிற்றா, கதவு திறந்திருந்ததாலா, எனக்குத் தெரியாது.

சாயங்காலம் விளக்கேற்றும்போது உங்கள் பெயரையும் சொல்கிறேன். நல்ல கதிக்குப் போக வேண்டும் என்று மனசாரத்தான் வேண்டுகிறேன். மன்னித்தேன் என்ற வார்த்தைதான் இன்னும் வாயில் வரவில்லை. வராததை வந்ததாக எழுதுகிறவள் நான் இல்லை.

கம்பி சுழல்கிறது, ஆடவில்லை. மூடியை மூடி, கையைத் துடைத்து, புடவையைச் செருகிக்கொண்டு உதைத்தேன். எஞ்சின் பிடித்தது. அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. பாகீரதி மாமிக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். நம் நடுவில் வந்து நின்ற அந்தக் காலையிலிருந்து இந்த வண்டி எப்போது உயிர் பிடித்தாலும் வருகிறாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லே மாமி. டாப்பெட் வெச்சேன்."

தலையை ஆட்டினாள். ஆனால் நகரவில்லை. நீங்கள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். எஞ்சினை அணைத்தேன். நம் வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை என்பதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் திரும்பி நடந்தாள்.