கருகிய மல்லியும் தாமதமான சென்சாரும்

வியாழக்கிழமை, இரவு

இன்று செல்வியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் மசாலா கம்பெனியில் மல்லி வறுக்கும் டிரம்மை ஓட்டுகிறவள் அவள். அந்த இயந்திரத்தின் பராமரிப்பு என் பொறுப்பு.

காலையில் ஒரு டிரம் மல்லி முழுவதும் கருகிவிட்டது. அப்போதும் திரையில் சூடு சரியாகவே காட்டியது. சென்சார் தடித்த உறைக்குள் இருக்கிறது. உள்ளே சட்டென்று சூடு ஏறினால் அதற்குத் தாமதமாகத்தான் தெரியும்.

"செல்வி மேல தப்பில்ல சார், சென்சார்தான் லேட்டு" என்றேன்.

"எங்கில் வேகமுள்ளதா ஒண்ணு மாட்டு, சரியாச்சுன்னா அவ வரட்டும்" என்றார் முதலாளி, மலையாளம் கலந்த தமிழில்.

மதியம் தெர்மோகப்பிள் என்ற மெல்லிய சென்சார் ஒன்றை மாட்டினேன். சூட்டை உடனே பிடித்தது. ஆனால் டிரம்மைச் சுற்றியிருந்து சூடாக்கும் இண்டக்‌ஷன் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் எண்கள் தாறுமாறாகக் குதித்து, இயந்திரமே நின்றுவிட்டது. சுருளின் மின் குறுக்கீட்டைத் தடுக்கக் கவசமுள்ள ஒயர் போட்டும் அடங்கவில்லை. ஃபில்டர் வைத்தேன். எண்கள் அடங்கின, பழைய தாமதமும் திரும்பி வந்துவிட்டது.

முதலாளி பார்த்துவிட்டு, "பழையதே மதி, அது போதும். நல்லா கண்ணு வெச்சுப் பார்க்கிற வேற ஆளைப் போடலாம்" என்றார். மூடிய டிரம்முக்குள் யார் கண்ணுக்கு என்ன தெரியும்? பழையதையே திரும்ப மாட்டினேன்.

சற்றுமுன் செல்வி போன் செய்தாள். "சேட்டா, சென்சார் சரியாச்சா? நாளைக்கு நான் வரட்டுமா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கலாம்மா" என்றேன்.

"அப்ப கும்பளங்கியிலேர்ந்து முதல் பஸ்ஸுக்கே வந்துடறேன்" என்று சந்தோஷமாக வைத்துவிட்டாள்.

வராதே என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.