தரையில் வைத்த சப்வூஃபர்

நாள் 211, 07:10
சனிக்கோளின் நிலவான என்செலடஸில் பனி நிலையம். எழுதுபவர் பரஞ்சோதி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், இங்கே ஒலிக்கருவிகளுக்குப் பொறுப்பு. உடன் இருப்பவர் பனி ஆய்வாளர் ஜெசிந்தா. வண்டியில் வெளியே போயிருக்கிறார்.
தினசரிச் சோதனை: ஆழ்ந்த முழக்கம் பத்து விநாடி, அமைதி பத்து விநாடி. மெயின் ஸ்பீக்கர்கள் 75 டெசிபெல். சப்வூஃபர், அதாவது கட்டை ஒலிக்கான பாஸ் பெட்டி, 81. சேர்ந்து பாடும் வகுப்பில் ஒருவன் மட்டும் கட்டைக்குரலில் கத்தினால் பாட்டு கெட்டுவிடும் அல்லவா? 75க்குக் குறைத்தேன்.

09:40
மீண்டும் 81. ஒலியளவுக் குமிழ் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து ரேடியோவில் ஜெசிந்தா: “சார், வண்டி சீட்டே அதிருது. ஆண்டு விழாவா நடத்துறீய? குறைங்க, பனி விரிசல் விடுது.”

09:52
சப்வூஃபரின் மின்கம்பியைப் பிடுங்கினேன். ஒலிமானியின் முள் 84. முழக்கம் தரைக்கு அடியிலிருந்து வருகிறது. பத்து விநாடி. பிறகு அமைதி, பத்து விநாடி.
தவறு என்னுடையது. பள்ளி விழாக்களில் செய்ததுபோல், பாஸ் நன்றாக எழும்பட்டும் என்று பெட்டியை மூலையில், வெறும் தரையில் வைத்தேன். இங்கே தரை என்பது பனி. பனிக்குக் கீழே கடல். இருநூறு நாள், ஒரே நேரம், ஒரே பாடம். கீழே ஏதோ ஒன்று கற்றுக்கொண்டுவிட்டது.

10:20
“திரும்பி வாறேன் சார். பின்னால பனி பொளக்குது. எப்படியாவது அதை நிறுத்துங்க.”
ஒரு ஊஞ்சலை இருவர் சம பலத்தோடு எதிரெதிராகத் தள்ளினால் அது அசையாது. கம்பியைச் செருகி, அலையைத் தலைகீழாக்கும் சுவிட்சைப் போட்டேன். அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். 84. 70. 52.

10:41
“அடங்கிட்டு சார். நிலையம் தெரியுது. டீ போட்டு வைங்க.”
ஜன்னலில் இரண்டு விளக்குகள். நெருங்குகின்றன.

10:44
முள் ஏறுகிறது. 90. கீழே இருப்பதும் அலையைத் திருப்பிவிட்டது. என்னோடு சேர்ந்து முழங்குவதுதான் சரி என்று நினைக்கிறது போலும். நான் மறுபடி திருப்பினேன். அதுவும். கம்பியைப் பிடுங்கிவிட்டேன். 93.

10:46
ஒரு விளக்கு.
“சார், வண்டி சாயுது, சா—”

10:47
விளக்கு இல்லை. மீண்டும் மீண்டும் கூப்பிடுகிறேன்.
முழக்கம் நின்றுவிட்டது. பத்து விநாடி. இருபது. என் முறைக்காகக் காத்திருக்கிறது.
இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், அந்தப் பெட்டியை இயக்காதீர்கள். கீழே இருப்பதற்கு நான் பதில் தரமாட்டேன்.
முப்பது. நாற்பது.
என் நாற்காலிக்கு நேர் கீழே, மிக மெதுவாக, சரியா என்று கேட்பதுபோல, அதே முழக்கம்