வேப்பிலை கட்டிய வாசலில் கரோல்

22-12-1979, சனி

மகளுக்கு இன்றுதான் சூடு தணிந்தது. அம்மைக் கொப்புளங்கள் வாடத் தொடங்கிவிட்டன. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்கக் கூடாது. முறுக்குக்கு அரைத்த மாவு டின்னிலேயே கிடக்கிறது. வேதக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று பங்குச் சாமியார் கேட்பார். அவரா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்? வாசலில் காகித நட்சத்திரமும் வேப்பிலையும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

என் வீட்டுக்காரருக்கு இதுவரை அம்மை போட்டதில்லை. அதனால் வேலை செய்யும் எறையூர் சர்க்கரை ஆலையிலேயே தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வருஷா வருஷம் கரோலுக்கு டிரம் அடிப்பவர் அவர்தான். அதற்காக மட்டும் இன்று ஊருக்கு வந்தார்.

விளக்கு வைத்ததும் தெருமுனையில் பாட்டும் டிரம்மும் கேட்டன. மகள் பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பாவோட அடிதாம்மா. நம்ம வூட்டுக்கு வருவாங்களா?"

"அம்மை வூட்டு முன்னால அடிக்க மாட்டாங்கடி. சத்தமில்லாம போயிடுவாங்க."

சொன்னபடியே பக்கத்து வீட்டோடு பாட்டும் டிரம்மும் நின்றன. செருப்புச் சத்தம் மட்டும் எங்கள் வாசலைக் கடந்தது. நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி கதவுக்குப் பின்னால் நின்றேன். திறக்கவில்லை. திறந்தால் அவர் உள்ளே வந்துவிடுவார்.

அடுத்த வீட்டில் பாட்டு மறுபடி தொடங்கியது. டிரம் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் வெறும் பாட்டுத்தான்.

"அப்பா நம்ம வாசல்லயே நிக்கிறாராம்மா?"

தாழ்ப்பாளில் இருந்த கையை நான் எடுக்கவில்லை.