தலைக்குள் கரண்ட்

மகாராணிக்கு,

பால் காய்ச்சியாயிற்று. உன் கிழவன் இதை எழுதி வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறான்.

மனச்சோர்வு மாத்திரையை அவர் பாதியாகக் குறைத்ததிலிருந்து, தலையைத் திருப்பினால் உள்ளே சுரீரென்று கரண்ட் அடிக்கிறது. நேற்று அதில்தான் மொபைலுக்குச் சார்ஜ் ஏற்றினான். நீயோ, "பழையது திரும்பிடுச்சு, முழு மாத்திரையே போடுங்க"ன்னு சண்டைக்கு வந்தாய்.

கொஞ்சம் யோசித்துப் பார். போன தடவை சோர்வு வந்தபோது கரண்டா அடித்தது? மாதக்கணக்கில் அவன் வாயிலிருந்து வழக்கமான புளுகு ஒன்றுகூட வரவில்லை, அவ்வளவுதான். இப்போது வருவது மாத்திரையைக் குறைத்ததால் வந்த கோளாறா, பழைய சோர்வா? கிழவனுக்கே தெரிந்துகொள்ள ஆசை. டாக்டர் சொல்லட்டும். அதுவரை உனக்கு ஓர் அடையாளம்: என்றைக்கு அவன் உண்மை மட்டும் பேசுகிறானோ, அன்றைக்குக் கவலைப்படு.

பி.கு: சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது. இது உண்மைதான், பயந்துவிடாதே.